பங்காளி போன வீடு

மியூனிக்கில் குடியிருப்பவர் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எங்கே கூட்டிப்போவது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது. பெரியவர்கள் என்றால் மரியன்பிளாட்ஸ், அப்புறம் ஒரு நாளை ஒழித்துக்கொண்டு நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. கால்பந்துப் பைத்தியம் பிடித்த பையன் யாராவது கூட வந்திருந்தால் அலியான்ஸ் அரேனா. இந்தக் கோடையில் அக்காவோடு வந்த அவள் மகன் இந்தக் கடைசி வகை. விமான நிலையத்திலிருந்து வரும்போது ஏ9 நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தக் கட்டடம் வெள்ளையாக உப்பிக்கொண்டு தெரிந்ததும், பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவன் "மாமா, அதான் மாமா!" என்று கத்தினான். சேலத்தில் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பேயர்ன் மியூனிக் ஆட்டம் பார்க்கிற பையன். பேயர்ன் வீரர் முசியாலாவுக்கு எந்தக் காலில் எப்போது அடிபட்டது என்று டாக்டர் மாதிரி சொல்வான். நான் இந்த ஊருக்கு வந்து பல வருடம் ஆகியும் அந்த மைதானத்துக்குள் போனதில்லை. ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆட்டம் இல்லாத நாளில் காலி மைதானத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

திரைக்குப் பின்னால் காட்டுகிறோம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள் என்றால் அது திரைக்கு முன்னால் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? உடை மாற்றும் அறை, வீரர்கள் நடந்து வரும் சுரங்கப்பாதை, பயிற்சியாளர் பேட்டி கொடுக்கும் மேடை எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டவை. அந்த எண்ணத்தோடுதான் போனேன். போய்விட்டு வந்த பிறகு வேறு ஒரு விஷயம் உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுக்கிறது. அதற்கும் சுரங்கப்பாதைக்கும் சம்பந்தமில்லை. எங்கள் குழுவில் வந்த ஒரு கிழவருக்கும் அந்த மைதானத்து நாற்காலிகளுக்கும் சம்பந்தம் உண்டு.

உட்காராத மனிதர்

ஆங்கிலச் சுற்றுக்கு இடம் இல்லை, ஜெர்மன் சுற்றுக்குத்தான் கிடைத்தது. அதனால் நான் பையனுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். குழுவில் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள், எல்லாக் குழந்தைகளும் சிவப்புச் சட்டை. அந்தக் கிழவர் பேரனோடு வந்திருந்தார். பேரன் முதுகில் பேயர்ன் வீரர் ஹாரி கேனின் பெயர். கிழவர் சாம்பல் நிற மழைச் சட்டையை அந்த வெயிலிலும் கழுத்து வரை இழுத்துவிட்டிருந்தார். எழுபதைத் தொட்டிருப்பார். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக டிக்கெட் எடுத்தாராம். அந்த முகத்தைப் பார்த்தால் பரிசு கொடுத்தவர் மாதிரி இல்லை, பல் டாக்டரிடம் கூட்டிவரப்பட்டவர் மாதிரி இருந்தார்.

வழிகாட்டி இளம்பெண். நல்ல தொண்டை, நல்ல நகைச்சுவை. முதலில் பார்வையாளர் பகுதிக்குக் கூட்டிப்போனாள். வாசல் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் எனக்கே மூச்சு ஒரு கணம் நின்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொலைக்காட்சி இந்தச் செங்குத்தைக் காட்டுவதில்லை. மூன்று அடுக்கு, மேலே போகப் போகச் சரிவு கூடிக்கொண்டே போய், உச்சி அடுக்கில் நிற்பவன் தடுக்கினால் நேராக நடுவட்டத்தில் விழுவான் போலிருந்தது. 75,000 பேர் கொள்ளும் இடம். ஓடுதளம் எதுவும் இல்லாததால் புல்தரை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. புல்லின் மேல் சக்கரம் வைத்த நீளமான விளக்குச் சட்டங்கள் நின்றன. கூரையின் நிழல் விழும் பகுதிக்கு வெயில் போதாது, அதை விளக்கு ஈடுகட்டும். பையன் கோல்கம்பங்களைத் தேட, நான் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஓடியாட, ஓர் அங்குலப் புல்லை இப்படிச் செயற்கை வெயில் காட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாரும் உட்காருங்கள் என்றாள் வழிகாட்டி. எதிரொலியைக் காட்ட ஒரு விளையாட்டு. அவள் வீரரின் முதல் பெயரைச் சொல்வாள், நாங்கள் குடும்பப் பெயரைக் கத்த வேண்டும். "ஹாரி!" என்றாள். முப்பது பேர் "கேன்!" என்று கத்தியது காலி மைதானத்தைச் சுற்றி வந்து எங்கள் முதுகிலேயே அறைந்தது. பையனுக்கு இந்த ஒரு இடத்தில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், அந்தக் கிழவரைத் தவிர. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழிகாட்டி மரியாதையாக "உட்காரலாமே" என்றபோது முழங்காலைத் தட்டிக் காட்டினார். மடக்கினால் வலிக்குமாம். பேரன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் பேட்டி அரங்குக்குப் போனோம். அங்கேயும் எல்லாருக்கும் இருக்கை இருந்தது, அங்கேயும் அவர் சுவரோரமாக நின்றார்.

மெத்தைகளின் நிறம்

கட்டடத்தின் மேல்தோலைப் பற்றி வழிகாட்டி சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெளியே தெரிவது கல்லோ கண்ணாடியோ கிடையாது. 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலத்தில் செய்த காற்று மெத்தைகள், சாய்சதுர வடிவில் 2,700-க்கும் மேல். உள்ளே காய்ந்த காற்றை விசிறிகள் ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கின்றன. வடிவமைத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் ஹெர்ட்சோக், டி மொய்ரோன். லண்டனில் பழைய மின்நிலையத்தை டேட் மாடர்ன் ஆக்கியவர்கள், பின்னால் பெய்ஜிங் ஒலிம்பிக் மைதானத்தில் கைவைத்தவர்களும் அவர்களே. மெத்தைக்குப் பின்னால் விளக்கு போட்டால் கட்டடம் முழுக்க நிறம் மாறும். திறந்த காலத்தில் மூன்றே நிறம்: சிவப்பு, நீலம், வெள்ளை. இப்போது எல்.இ.டி. வந்த பிறகு எந்த நிறமும் முடியும். ஆனால் இஷ்டத்துக்கு மினுக்க முடியாது. பக்கத்து நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே மோதிக்கொண்டதால் காவல்துறை தலையிட்டதாம். 2021 யூரோ கோப்பையில் ஹங்கேரிக்கு எதிரான ஆட்டத்தன்று பாலினச் சிறுபான்மையினருக்கு ஆதரவாக வானவில் நிறம் போட வேண்டும் என்று நகரசபை கேட்டு, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஏஃபா மறுத்து, ஐரோப்பா முழுக்க அது அரசியல் ஆனது பலருக்கு நினைவிருக்கலாம்.

நிறத்தின் கணக்கை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பேயர்ன் ஆடினால் சிவப்பு, தேசிய அணி ஆடினால் வெள்ளை, "முன்பு 1860 ஆடியபோது நீலம்." நான் மொழிபெயர்த்தேன். "1860-ன்னா என்ன மாமா, வருஷமா?" என்றான் பையன். அது இதே ஊரின் இன்னொரு கால்பந்து கிளப். பேயர்னின் ஐரோப்பியக் கோப்பைக் கதைகளை வருடவாரியாக ஒப்பிப்பவனுக்கு இது தெரியவில்லை. தெரிய என்ன அவசியம்? அந்தக் கிளப் இந்த மைதானத்தை விட்டுப் போன 2017-இல் அவன் ஒன்றாம் வகுப்புக்கூடப் போயிருக்க மாட்டான். எனக்கு மட்டும் அந்த நீலம் நினைவிருந்தது. நான் மியூனிக் வந்த புதிதில், குளிர்காலத்தில் ஒரு மாலை, ஊருக்கு வெளியே ஒரு வேலை முடித்துக் காரில் திரும்பும்போது இந்தக் கட்டடம் மொத்தமும் பனிக்கு நடுவே கருநீலமாக எரிந்தது. பேயர்னின் நிறம் சிவப்பு அல்லவா என்று கூட வந்தவரிடம் கேட்டதற்கு, "இன்றைக்கு மற்றவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

எந்தக் கதவு

உடை மாற்றும் அறையில் கூட்டம் நெருக்கியடித்தது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தடுப்பு, மேலே படம். எங்கள் ஆள் முசியாலாவின் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்து, என்னைப் பல கோணத்தில் படம் எடுக்க வைத்தான். அறை பளபளவென்று இருந்தது. வியர்வை நாற்றமோ, கிழிந்த பிளாஸ்திரியோ, சுவரில் எட்டி உதைத்த தடமோ இல்லை. 2012-இல் இதே மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். சொந்த ஊர், சொந்த வீடு. 83-ஆவது நிமிடம் முல்லர் அடித்து ஊரே கோப்பையைக் கையில் எடுத்துவிட்ட நேரத்தில், 88-இல் ட்ரோக்பா சமன் செய்து, கடைசியில் பெனால்டியில் செல்சி ஜெயித்தது. அந்த ராத்திரி இந்தக் கட்டடத்தில் ஓர் அறை எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய முயன்றேன். இவ்வளவு சுத்தமான அறையில் கற்பனைக்குக் கால் வைக்க இடமில்லை.

வெளியே நடைபாதைக்கு வந்தோம். அடுத்தது சுரங்கப்பாதை, அங்கே சாம்பியன்ஸ் லீக் கீதத்தை ஒலிக்கவிட்டு நம்மை வீரர்கள் மாதிரி நடக்க வைப்பார்கள். குழந்தைகள் வரிசையில் முண்டிக்கொண்டிருந்தபோது கிழவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். பச்சை பவேரியப் பேச்சு, எனக்கே முக்கால்வாசிதான் புரிந்தது. "எங்களுடையது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வழிகாட்டிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "உங்களுடையது...?" என்றாள். அவர் மழைச் சட்டையின் ஜிப்பை நான்கு விரல் அளவுக்குக் கீழே இறக்கினார். உள்ளே வெளிறிய நீலத்தில் ஒரு துண்டு, அதில் 1860-இன் சின்னமான சிங்கத்தின் பிடரி கொஞ்சம் தெரிந்தது. உடனே மேலே இழுத்துவிட்டார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள், கேலியாக இல்லை. முதலில் கட்டும்போதே அணிகளுக்கு நான்கு அறைகள் என்று விளக்கினாள். பேயர்னுக்கு ஒன்று, 1860-க்கு ஒன்று, இரண்டு கிளப்புகளின் எதிரணிகளுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. ஒருவர் அறையில் மற்றவர் கால் வைக்க வேண்டியதில்லை. இந்தச் சுற்றில் அந்தப் பக்கம் போவதில்லை என்று கையால் ஒரு திசையைக் காட்டினாள். கிழவர் அந்தத் திசையில் தலையை ஆட்டினார். பேரன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். கீதம் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் எல்லாரும் படியேறிப் புல்தரையை நோக்கி நடந்தோம், பையன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு. எனக்கு அந்த இசை காதில் ஏறவே இல்லை. மைதானத்தின் மறைவான பகுதியைக் காட்டச் சொன்ன ஒரே ஆள் அந்தக் கிழவர்தான், அவருக்குத்தான் டிக்கெட்டில் அது இல்லை.

அண்ணன் தம்பி கணக்கு

வீட்டுக்கு வந்து பல ராத்திரி இந்தக் கதையை நோண்டிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் இரண்டு பங்காளிகள் சேர்ந்து ஒரு வீடு கட்டி, ஒருத்தன் நொடித்துப்போய்த் தன் பாகத்தை மற்றவனுக்கே எழுதிக்கொடுத்து, அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து, கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு போனால் அந்தத் தெருவில் எத்தனை தலைமுறை பேசுவார்கள்! இங்கே நடந்தது அட்சரம் பிசகாமல் அதேதான்.

ஒரு காலத்தில் 1860-தான் பெரிய வீடு. ஆயிரத்து எண்ணூற்று அறுபதில் உடற்பயிற்சிச் சங்கமாக ஆரம்பித்தது, அதனால் பெயரே அந்த வருடம். கால்பந்துப் பிரிவு 1899-இல். பேயர்ன் பிறந்தது 1900-இல். 1963-இல் ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான பன்டஸ்லிகா தொடங்கியபோது மியூனிக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட கிளப் 1860, பேயர்னுக்கு இடம் கிடைக்கவில்லை. 1965-இல் வெம்ப்லியில், நாட்டுக் கோப்பைகளை வென்றவர்களுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய் வெஸ்ட் ஹாமிடம் தோற்றார்கள். 1966-இல் ஜெர்மன் சாம்பியன். ஜெர்மன் கால்பந்து மேதை பெக்கன்பவரே மியூனிக்கின் கீசிங் பகுதிப் பையன், சின்ன வயதில் 1860 ரசிகர். அந்தக் கிளப்பில் சேர இருந்தவர், சிறுவர் ஆட்டம் ஒன்றில் 1860 பையன் ஒருவன் கன்னத்தில் அறைந்ததால் கோபித்துக்கொண்டு பேயர்னுக்குப் போனார் என்பது இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஓர் அறை ஒரு கிளப்பின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது என்பார்கள். மிகைதான், ஆனாலும் சொல்வதற்குச் சுகமான மிகை.

புதிய மைதானத்துக்கு 2001 அக்டோபரில் ஊர்மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது, மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றார்கள். கிளப்புகள் இரண்டும் பாதிக்குப் பாதி. இந்தப் பாதிக்குப் பாதியைத்தான் கட்டடக்காரர்கள் கட்டடமாகவே மொழிந்தார்கள் என்று இப்போது எனக்குப் படுகிறது. நிறம் மாறும் தோல் அழகுக்காக வந்த யோசனை மட்டுமல்ல. ஒரு சனிக்கிழமை அவன் வீடு, மறு ஞாயிறு இவன் வீடு என்று இருக்கும்போது சுவருக்கு நிரந்தர வண்ணம் அடிக்க முடியாது, எனவே சுவரே வண்ணத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். உள்ளே நாற்காலிகளும் அப்படித்தான். திறந்தபோது அவை சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, வெள்ளிச் சாம்பல். யாருடைய நிறமும் இல்லாத நிறம். நான்கு உடை மாற்றும் அறைகள், இரண்டு கிளப்புக்கும் தனித்தனிக் கடை. இவ்வளவு நுணுக்கமாகப் பாகம் பிரித்துக் கட்டிய பொதுவீடு உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியாது.

கட்டி முடிப்பதற்குள்ளேயே விரிசல் வந்துவிட்டது. மைதானக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவர் 1860 தலைவரின் மகன். ஒப்பந்தத்தில் லஞ்சம் வாங்கியதாக 2004-இல் கைதாகி, மறு வருடம் நான்கரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். தகப்பனார் பதவி விலகினார். அதே 2004-இல் 1860 முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. அதாவது 340 மில்லியன் யூரோ வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது பங்காளிகளில் ஒருவர் ஏற்கெனவே இரண்டாம் பிரிவு. 2006-இல் திவாலைத் தவிர்க்கத் தன் பாதியைப் பேயர்னுக்கு 11 மில்லியன் யூரோவுக்கு எழுதிக்கொடுத்தது. திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமை ஒன்று வைத்திருந்தார்கள், அதையும் பின்னால் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் பதினோரு வருடம் சொந்தமாய்க் கட்டிய வீட்டில் குடக்கூலி கொடுத்து இருந்தார்கள். பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் மைதானத்தில் இரண்டாம் பிரிவு ஆட்டம். ஆட்ட நாளில் மட்டும் கட்டடம் விசுவாசமாக நீலம் பூசிக்கொள்ளும்.

இதில் பேயர்னைக் கொடுங்கோலனாக்குவது எளிது, எனக்கும் கொஞ்ச நேரம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பங்கை வாங்கியிருக்காவிட்டால் 1860 அன்றைக்கே மூழ்கியிருக்கும். பேயர்ன் மைதானத்துக்கான கடனை 25 வருடத்தில் அடைக்கத் திட்டமிட்டு, 2014-இலேயே அடைத்து முடித்தது. சம்பாதிக்கத் தெரிந்தவன் சம்பாதித்தான். கெட்டுப்போனவன் பெரும்பாலும் தன்னால்தான் கெட்டுப்போனான். பங்காளிக் கதைகளில் பெரும்பாலும் வில்லன் கிடையாது, அதனால்தான் அவை இத்தனை வருடம் புகைகின்றன.

முழங்கால்

சுற்று முடிந்து சுரங்க ரயில் நிலையத்துக்கு நடந்தோம். மைதானத்துக்கும் ஃப்ரோட்மானிங் நிலையத்துக்கும் நடுவே எஸ்பிளனாட் என்று வெயிலில் காயும் நீண்ட திடல், அடியில் ஆயிரக்கணக்கான கார் நிறுத்தும் இடம். முழங்கால் வலிக்காரர் எங்களை முந்திக்கொண்டு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். பேரன் ஓட்டமும் நடையுமாகப் பின்னால். நான் எட்டிப் பிடித்து, தயங்கியபடி, நீலத் துண்டு பற்றி விசாரித்தேன். இந்தியர் ஒருவர் 1860 பற்றிக் கேட்டதில் அவருக்கு ஆச்சரியம், அப்புறம் சந்தேகம், அப்புறம் வாய் நிற்கவில்லை.

1966-இல் அவருக்குப் பத்து வயது, அப்பா தோளில் உட்கார்ந்து கோப்பை ஊர்வலம் பார்த்தவர். அரேனாவை அவர் அந்தப் பெயரால் சொல்லவே இல்லை, "ரப்பர் படகு" என்றார். அது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை, ஊரில் பலரும் சொல்லும் பட்டப்பெயர். அந்தப் படகில் ஆடிய முதல் ஆட்டமே 1860 ஆட்டம்தான் தெரியுமா என்றார். 2005 மே 30, நியூரன்பர்க்கோடு நட்பு ஆட்டம், முதல் கோல் அடித்தது மில்ஹ்ராவ்ம், "எங்கள் ஆள்" என்றார். பேயர்ன் மறுநாள்தான் உள்ளே வந்தது. கடைசி ஆட்டத்துக்கும் போயிருந்தாராம், அதுவும் மே 30, 2017. வீட்டுக்கு வந்து தேதிகளைச் சரிபார்த்தேன், இரண்டும் சரி. பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதி. ரேகன்ஸ்பர்க்கிடம் 2-0 என்று தோற்று மூன்றாம் பிரிவுக்குச் சரிந்த ஆட்டம். அன்றைக்குப் பார்த்து 62,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கடைசி நிமிடங்களில் கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் வீசி ஆட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த வைத்தார்கள். அப்புறம் மூன்றாம் பிரிவு லைசென்ஸுக்கான பணமும் முதலீட்டாளரிடமிருந்து வராமல் நான்காம் பிரிவுக்கே போனார்கள். 2025 வரை இருந்த வாடகை ஒப்பந்தம் அந்த ஜூலையில் முறிந்தது. மறு வருடமே மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள், அங்கேயே இருக்கிறார்கள்.

"நீங்களும் ஏதாவது வீசினீர்களா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பேரனைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

முழங்கால் எப்படி இருக்கிறது என்றேன். இதற்குச் சிரித்தார். "அந்த நாற்காலி சாம்பலாக இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்" என்றார். 1860 போன அடுத்த வருடம், 2018 கோடையில், பேயர்ன் எல்லா நாற்காலிகளையும் சிவப்பும் வெள்ளையுமாக மாற்றி, அவற்றிலேயே கிளப்பின் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டது. வீட்டுக்காரர் தன் வீட்டுக்குத் தன் வண்ணம் அடிப்பதில் யாருக்கு என்ன புகார்? கிழவருக்கும் புகார் இல்லை, உட்கார மாட்டார், அவ்வளவுதான். பேரன் ஏன் சிவப்புக்குப் போனான் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பத்து வயதுப் பையன் ஜெயிக்கிற அணியைத்தானே பிடிப்பான். 1966-இல் பத்து வயதில் இவரும் அதைத்தான் செய்தார்.

அன்று ராத்திரி அக்காவிடம் பையன் சுற்றைப் பற்றிச் சொன்னபோது கீதமும் முசியாலாவின் இடமும் முதலில் வந்தன. ஆனால் நெடுநேரம் பேசியது கிழவரைப் பற்றி. மூன்றாம் பிரிவு ஆட்டமாவது டிக்கெட் கிடைக்குமா, அந்த அணி இப்போது எங்கே ஆடுகிறது என்று நச்சரிக்கத் தொடங்கினான். கீசிங்கில், கிரியூன்வால்டர் மைதானத்தில், தங்கள் பழைய இடத்தில் என்றேன். 15,000 பேர் கொள்ளும் பழைய மைதானம், இரண்டு கிளப்புகளும் 1972 ஒலிம்பிக் மைதானம் வரும் வரை ஆடிய இடம். "அது அவங்க சொந்த இடமா மாமா?" என்றான். அதுவும் இல்லை. 1937-இலேயே கஷ்டத்தில் நகரசபைக்கு விற்றுவிட்டார்கள், அங்கேயும் வாடகைதான். அதைவிடக் கூத்து, பேயர்னின் இரண்டாம் அணியும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறது.

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, "அங்கேயும் பங்காளிதானா?" என்றாள்.

பையனுக்கு வேறு கவலை. "அங்க சீட் என்ன கலர் மாமா? அந்தத் தாத்தா அங்கயாவது உக்காருவாரா?" என்றான். ரசிகர்கள் திரளும் மேற்கு வளைவில் நாற்காலியே கிடையாது, காலம் காலமாக நின்றுகொண்டே பார்க்கிற படிக்கட்டுடா அது என்றேன்.